தகரப் பெட்டியும் அப்சிடியனும்: குடும்ப வரலாறு தொகுக்க ஒரு குறிப்பேட்டு மென்பொருள்

எங்கள் குடும்ப வரலாற்றைத் தொகுக்க நான் உட்கார்ந்தபோது கையில் இருந்தவை அனைத்தும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன: நான்கு கிரையப் பத்திரங்கள், இரண்டு ஓலைச் சாதகங்கள், பினாங்கிலிருந்து கொள்ளுத்தாத்தா எழுதிய கடிதக் கட்டு ஒன்று, கல்யாணப் பத்திரிகைகள், பின்புறத்தில் பென்சிலால் பெயர் எழுதிய சில புகைப்படங்கள். இவற்றோடு பெரிய அத்தையின் நினைவாற்றலும் இருந்தது. முதலில் ஓர் இணையவழிக் குறிப்புச் சேவையில் ஓராண்டு எழுதிவந்தேன். அங்கிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க நேர்ந்தபோது படங்கள் தனியாகவும் குறிப்புகள் தனியாகவும் பிரிந்து வந்தன. எந்தப் பத்திரத்தின் எந்தப் பக்கம் எந்தக் குறிப்புக்கு உரியது என்று மறுபடி பொருத்த இரண்டு மாதம் பிடித்தது. அதன் பிறகுதான் அப்சிடியனுக்கு வந்தேன். இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

அப்சிடியன் 2020இல் வெளிவந்த மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளிலும் ஆண்ட்ராய்டு, ஐபோன் கைப்பேசிகளிலும் பணம் கட்டாமலே பயன்படுத்தலாம். நாம் எழுதுவது முழுவதும் நம் கணினியிலேயே ஒரு கோப்புறையில், மார்க்டவுன் என்னும் எளிய உரைக் கோப்புகளாக இருக்கும். படங்களும் ஒலிப்பதிவுகளும் அதே கோப்புறையில் பக்கத்திலேயே இருக்கும். இந்த மென்பொருளே ஒருநாள் இல்லாமற்போனாலும் சாதாரண நோட்பேடில் திறந்து படிக்கலாம். அடுத்த தலைமுறைக்காகச் செய்யும் வேலைக்கு இதைவிட முக்கியமான தகுதி வேறில்லை என்பது என் கருத்து.

வம்சாவளிக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரைக் கேட்டுத்தான் கணக்கைத் தொடங்குகின்றன. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் தலைப்பெழுத்து; அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். எங்கள் தாத்தா தம் அக்காள் மகளையே மணந்தவர். ஆகவே பாட்டி ஒரு கிளையில் மருமகளாகவும் இன்னொரு கிளையில் பேத்தியாகவும் வருகிறார். கிளைக்கொரு கோப்புறை போட்டு அடுக்கினால் அவரை எங்கே வைப்பது? அப்சிடியனில் ஆளுக்கொரு குறிப்பு போதும். இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒருவர் பெயரை எழுதினால் அது அவருடைய குறிப்புக்கு இணைப்பாகிவிடும். அந்தக் குறிப்பைத் திறந்தால், அவரைச் சுட்டும் மற்றக் குறிப்புகளெல்லாம் ஓரத்தில் வரிசையாகத் தெரியும்.

இதன் பயனை நான் முழுமையாக உணர்ந்தது பத்திரங்களைப் படியெடுத்தபோதுதான். பழைய கிரையப் பத்திரம் ஒவ்வொருவரையும் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று தந்தை பெயரோடும் ஊரோடும் குறிக்கும். மைனருக்குக் கார்டியன் யார் என்பதைச் சொல்லும். எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரும் வரும். ஒவ்வொரு பெயரையும் இணைப்பாக்கிக்கொண்டே போனேன். மூன்றாவது பத்திரத்தில் கிழக்கு எல்லைக்காரராக வந்தவரின் குறிப்பைத் திறந்தபோது, அவரே முதல் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இட்டவர் என்றும், பினாங்குக் கடிதத்தில் கொள்ளுத்தாத்தா ‘மச்சான்’ என்று குறிப்பிடுபவர் என்றும் ஓரத்தில் தெரிந்தது. தாளாக வைத்துக்கொண்டு பல முறை படித்தும் என் கண்ணில் படாத உறவு அது.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். சுப்பிரமணியம் என்ற பெயர் வேற்றுமை ஏற்றால் சுப்பிரமணியத்தின், சுப்பிரமணியத்துக்கு என்று உருமாறும். முழுப்பெயரைத் தேடினால் இவை அகப்படா. ‘சுப்பிரமணிய’ வரை மட்டும் தட்டச்சு செய்தால்தான் எல்லாம் வரும். இணைப்பிலும் இதே சிக்கல் உண்டு. குறிப்பின் பெயரை முதலில் எழுதி, நிமிர்கோடு (|) ஒன்று இட்டு, வாக்கியத்தில் வரவேண்டிய வடிவத்தை அதன் பின் எழுதுவதே இதற்கு வழி. வீட்டில் அழைத்த பெயர், பத்திரத்தில் உள்ள பெயர், பாஸ்போர்ட்டில் எழுத்துமாறிக் கிடக்கும் பெயர் ஆகியவற்றை மாற்றுப்பெயர்களாகச் சேர்த்துவைக்க மென்பொருளிலேயே இடம் இருக்கிறது. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஊர்ப்பெயர்களுக்கும் இந்த வசதி மிகவும் உதவியது. எங்கள் பத்திரங்களில் ‘தஞ்சாவூர் ஜில்லா மாயவரம் தாலுக்கா’ என்று இருப்பது 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 2020 முதல் தனி மாவட்டமாகவும் இருக்கும் மயிலாடுதுறை. ஊருக்கு ஒரே குறிப்பு வைத்து, மாயவரம், மாயூரம் இரண்டையும் மாற்றுப்பெயர்களாகக் கொடுத்துவிட்டேன்.

ஆண்டுகளைக் குறிப்பதில்தான் அப்சிடியன் என்னைச் சற்றுத் தவிக்கவிட்டது. குறிப்பின் தலையில் பிறப்பு, இறப்பு போன்ற விவரங்களுக்குத் தனிப் புலங்கள் அமைக்கலாம். ஆனால் தேதிக்கான புலம் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் முழுதாகக் கேட்கிறது. ஓலைச் சாதகம் ஒன்றில் எனக்குத் தெளிவாகக் கிடைத்ததோ தாது வருஷம், ஆவணி மாதம் என்பது மட்டுமே. அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது வருஷம் பெரும் பஞ்சம் வந்த 1876-77ஆகவும் இருக்கலாம், 1936-37ஆகவும் இருக்கலாம். அதனால் தேதிப் புலத்தை விட்டுவிட்டு, ஆவணத்தில் உள்ளபடியே உரைப் புலத்தில் எழுதி, இரண்டு சாத்தியங்களையும் அடியில் குறித்தேன். சாதகர் பினாங்குக்குக் கப்பல் ஏறியது ரஜூலாவில் என்று கடிதத்தில் இருந்தது. அந்தக் கப்பல் ஓடத் தொடங்கியதே 1926இல். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் தோட்ட வேலைக்குப் புதிதாகப் போயிருக்க மாட்டார் என்பதால் 1936ஐ ஏற்றுக்கொண்டேன். இந்த ஊகமும் காரணத்தோடு குறிப்பில் இருக்கிறது.

குறைகள் வேறு சிலவும் உண்டு. படத்திலுள்ள எழுத்தை இது தானாகப் படித்துத் தராது. பத்திரங்களை நாமேதான் தட்டச்சு செய்ய வேண்டும். கணினியையும் கைப்பேசியையும் ஒத்திசைக்க நிறுவனமே தரும் சேவைக்குக் கட்டணம் உண்டு. கணினி ஒன்றிலேயே வேலை செய்பவருக்கு அது தேவையில்லை. ஆனால் வாரம் ஒருமுறை கோப்புறையை வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கோப்புகள் பூட்டப்படாத உரையாக இருப்பதால் கணினியைத் திறப்பவர் எவரும் படிக்கலாம். உயிருடன் இருப்பவர்களின் அந்தரங்கச் செய்திகளை அங்கே எழுதுமுன் யோசிக்க வேண்டும். எல்லா இணைப்புகளையும் வலைபோல வரைந்து காட்டும் வசதி பார்க்க அழகாக இருந்தாலும், எவரோடும் இணையாமல் தனித்து நிற்கும் பெயர்களைக் கண்டுபிடிப்பதைத் தவிர எனக்கு வேறு பயன் தரவில்லை. கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் செருகுநிரல்கள் ஏராளம், தொடக்கத்தில் அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

கிளைவிரித்த வம்சாவளி வரைபடம் மட்டுமே வேண்டும் என்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் கிராம்ப்ஸ் போன்ற மென்பொருளே பொருத்தம். சான்றுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி குறித்துவைக்க விரும்புபவருக்கு அப்சிடியனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கணினியில் அப்சிடியன் குறிப்புகளைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றி அச்சிடும் வசதியும் இருக்கிறது. சென்ற பொங்கலுக்கு நாற்பது பக்கம் அச்சிட்டுப் பெரிய அத்தையிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு, ஒரு புகைப்படத்தின் கீழே நான் பெரிய பாட்டி என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்து, “இது சின்னப் பாட்டி, மூக்குத்தி இடப்பக்கம் பார்” என்று எழுதித் தந்தார். குறிப்பில் என் பழைய வரியை நான் அழிக்கவில்லை. கோடிட்டு விட்டுவிட்டு, அத்தையின் வரியையும் அவர் எழுதிய தாளின் படத்தையும் அதற்குக் கீழே சேர்த்திருக்கிறேன்.