கால் செய்யப் படிப்பவர்களுக்கு: ஓலத்பூரா, ஹூஸ்டனா?

பி.பி.ஓ. படித்தேன் என்று சொன்னால் இன்றுவரை எனக்குக் கிடைக்கும் முதல் கேள்வி, "கால் சென்டரா?" என்பதுதான். ஆமாம், கால் சென்டர்தான், கையும் உண்டு. செயற்கைக் கை கால்கள், காலைத் தாங்கும் காலிப்பர், கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் ஏஎஃப்ஓ, முதுகுக்கான பிரேஸ் ஆகியவற்றை அளவெடுத்துச் செய்து பொருத்தக் கற்றுத்தரும் நாலரை ஆண்டு இளங்கலைப் படிப்பு அது. சென்ற மாதம், அந்தப் படிப்பின் கடைசி ஆறு மாதப் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். தம்பி பயோமெடிக்கல் பி.இ. கடைசி ஆண்டு. இருவருக்கும் ஒரே கேள்வி: இந்தத் துறையில் மேற்படிப்பு இங்கேயா, அமெரிக்காவிலா? கேள்வி ஒன்றுதான் என்றாலும் ஆளுக்கொரு பதில்தான் சொல்ல முடிந்தது.

காரணம் எளிது. இரண்டு நாடுகளிலும் 'முதுகலை' என்ற பெயரில் விற்பது வேறு வேறு சரக்கு. இங்கே எம்.பி.ஓ. என்பது பி.பி.ஓ.வின் மேல் கட்டும் இரண்டாவது மாடி. இரண்டு ஆண்டுகள், இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம், கடைசியில் ஓர் ஆய்வேடு. பி.பி.ஓ. இல்லாதவருக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவில் முதுகலைதான் தரைத்தளம். 2002-இல் ஜார்ஜியா டெக் இத்துறையின் முதல் நுழைவுநிலை முதுகலையைத் தொடங்கியது. பின்னர் மற்றப் பல்கலைக்கழகங்களும் அதே வழிக்கு மாறின. இன்று அங்கே பொறியியல், உயிரியல், உடற்பயிற்சி அறிவியல் என்று எதைப் படித்தவரும், குறிப்பிட்ட முன்தகுதிப் பாடங்களை முடித்திருந்தால், முதல் ஆண்டில் உட்கார்ந்து பிளாஸ்டர் சுற்றக் கற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பெண் அங்கே போனால் முதல் பருவத்தில் என்ன செய்வாள்? முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்ட காலுக்கு அச்செடுப்பாள். ஈரமான துணியுறையை மாட்டி, மை பென்சிலால் எலும்பு முனைகளைக் குறித்து, பிளாஸ்டர் பட்டையைச் சுற்றி, முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள தசைநாரின் இருபுறமும் கட்டைவிரல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டர் சூடேறி இறுகும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். இதை அவள் இரண்டாம் ஆண்டிலேயே செய்துவிட்டாள். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப்போய் மறுபடியும் இதே கட்டைவிரல்களை இதே இடத்தில் வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன்.

இங்குள்ள எம்.பி.ஓ.வையும் நான் பூப்போட்டுக் கும்பிடவில்லை. அதில் நல்லது என்னவென்றால் இடம்தான். ஒடிசாவில் கட்டக்குக்கு அருகே ஓலத்பூரில் உள்ள சுவாமி விவேகானந்தர் தேசிய நிறுவனம், கொல்கத்தா பான்ஹூக்ளியில் உள்ள இயக்கக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், மும்பை ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் ஆகிய மூன்றில் ஒன்றில் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். மூன்றும் மத்திய அரசு நிறுவனங்கள். அமெரிக்கக் கட்டணத்தின் பக்கத்தில் வைத்தால் இவற்றின் கட்டணம் கண்ணுக்கே தெரியாது. அதைவிட முக்கியம், வாசலில் நிற்கும் நோயாளிகள். வளைபாதத்தோடு பிறந்த குழந்தை, பெருமூளை வாதம் வந்த சிறுமி, ரயிலில் காலை இழந்தவர், பழைய போலியோவுக்காக நாற்பது ஆண்டாகக் காலிப்பர் போடும் பெரியவர் என்று ஒரே வாரத்தில் எல்லாரும் கைக்கு வருவார்கள். அச்செடுப்பது, அந்த அச்சில் வார்த்த பிளாஸ்டர் மாதிரியைச் செதுக்குவது, அடுப்பிலிருந்து தொளதொளவென்று வரும் பாலிபுரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்துவது, ஓரம் தேய்ப்பது, நடக்கவைத்துப் பார்ப்பது எல்லாம் ஒரே ஆளின் வேலை. தப்பு யாருடையது என்று தேட வேண்டியதில்லை.

என் தப்பு ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்குச் சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் மிச்சக் கால் உட்காரும் கூடு, செய்தேன். முழங்காலுக்கு வெளிப்புறம் குண்டுமணி போலத் துருத்தும் சிற்றெலும்பின் தலைக்கு இடம் விட்டுத்தான் மாதிரியைத் திருத்த வேண்டும். அந்த இடத்தில் பிளாஸ்டரைக் கூட்ட வேண்டிய நான் மறந்து வழித்துவிட்டேன். பத்து நிமிடம் நடந்துவிட்டுக் கழற்றினார். அந்த இடம் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. "பரவாயில்லை தம்பி, பழகிவிடும்" என்றார். பழகாது, புண்ணாகும் என்று என் ஆசிரியர் அந்தச் சாக்கெட்டை என் கையாலேயே உடைக்கவைத்தார். மேற்படிப்புக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் சாக்கெட்டை உடைக்கச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

நான் பார்த்த ஒரு தனியார் கல்லூரியில் அந்த ஆள் மட்டுமல்ல, நோயாளியே இல்லை. பெயர் வேண்டாம். மாணவர்கள் ஒருவர் காலில் ஒருவர் அச்செடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எம்.பி.ஓ. படிப்பதைவிட நெரிசலான ஒரு மையத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்ப்பது மேல். ஆசிரியர் பணிக்கு வேண்டுமானால் பட்டம் தேவை. பட்டறையில் அது சம்பளத்தைப் பெரிதாகக் கூட்டி நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே படிப்பு முடிந்ததும் ரெசிடென்சி, அதாவது மேற்பார்வையில் வேலை பார்த்துப் பழகும் காலம், உண்டு. செயற்கை உறுப்பு அல்லது தாங்கு சாதனம் என ஒன்றுக்கு மட்டும் என்றால் 12 மாதம், இரண்டுக்கும் சேர்த்து என்றால் 18 மாதம். சம்பளத்தோடுதான். பிறகு சான்றிதழ் வாரியத்தின் தேர்வுகள்; டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் தனியாக உரிமமும் வாங்க வேண்டும். கல்லூரி விளம்பரங்களில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நம்மவர்கள் போடாமல் விடுவது ஒரு சின்னக் கணக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவருக்குப் படிப்புக்குப் பின் வழக்கமாகக் கிடைக்கும் வேலை அனுமதி 12 மாதம். மேலும் 24 மாதம் கிடைப்பது 'ஸ்டெம்' என்ற அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டியலில் இருக்கும் படிப்புகளுக்கு மட்டும். பட்டம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், 18 மாத ரெசிடென்சியை 12 மாத அனுமதிக்குள் எப்படி முடிப்பது? நடுவில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் வந்தாக வேண்டும். கடன் வாங்கும் முன்பே, தங்கள் பட்டம் எந்தக் குறியீட்டில் பதிவாகிறது, அது ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் ஏற்பாடு இந்த இடத்தில்தான் கவனத்துக்கு வருகிறது. அங்கே ரெசிடென்சி படிப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மொத்தம் 30 மாதம்: முதல் ஓராண்டு பாடம், மீதி 18 மாதம் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும். வெளியே வரும்போது தேர்வும் உரிமமும்தான் பாக்கி. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் பாடத்தில் ஒரு பகுதியை இணையத்தில் முடித்துவிட்டுச் செய்முறைக்கு மட்டும் நேரில் போகும் முறையும் உண்டு. அமெரிக்கர்களுக்கு அது வசதி; விசாவில் போகிறவர் அதைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

அங்கே கிடைப்பது, இங்கே கிடைக்காதது என்று ஒன்று உண்டு. நோயாளியின் நடமாட்டத் திறனைக் கே0 முதல் கே4 வரை தரம் பிரித்து, எந்த முழங்கால், எந்தப் பாதம் என்பதைக் காப்பீட்டுக்கு எழுதி நிறுவும் பழக்கம். உள்ளே கணினிச் சில்லு வைத்த மைக்ரோபிராசசர் முழங்கால்களைப் படத்தில் பார்க்காமல் கையில் வைத்துச் சரிசெய்யும் வாய்ப்பும் அதிகம். ஆனால் தயாரிப்பு வேலையைத் தொழில்நுட்பர்களிடமோ வெளி ஆலைக்கோ அனுப்பிவிடுவதால், தேய்ப்பு இயந்திரத்தின் தூசி அங்கே மூக்கில் ஏறுவது குறைவு. எனக்கு அது குறையாகத்தான் தோன்றுகிறது. தூசியில் வளர்ந்தவனின் கர்வம் என்று சொன்னாலும் சரி.

பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கிளாஸ்கோவில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் தேசிய மையத்துக்கும் மெல்போர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் நல்ல பெயர் உண்டு. ஆனால் இங்கே பி.பி.ஓ. முடித்து அனுபவமும் உள்ளவர், மறுபடி படிக்காமலே பிரிட்டனில் இத்தொழிலைப் பதிவுசெய்யும் எச்.சி.பி.சி.யிலும் ஆஸ்திரேலியாவின் தொழில் சங்கமான ஏ.ஓ.பி.ஏ.விலும் தகுதி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வேலைதான் நோக்கம் என்றால் முதலில் அந்தக் கதவைத் தட்டலாம்.

"அப்படியென்றால் நான் ஐஐடியிலேயே எம்.டெக். போகட்டுமா சார்?" என்று தம்பி இடையில் கேட்டான். அது வேறு தொழில். சென்னை ஐஐடியின் மறுவாழ்வு ஆய்வு மையம் 2022-இல் 'கதம்' என்ற முழங்கால் மூட்டை வெளியிட்டது. 160 டிகிரிவரை மடங்குவதால் பஸ் இருக்கையிலும் ஆட்டோவிலும் காலை மடக்கி உட்கார முடிகிறது. அதைப் போன்ற ஒன்றை உருவாக்க ஆசை என்றால் பொறியியல்தான் வழி. அதை ஒரு மனிதருக்குப் பொருத்தி, மறுநாள் அவர் புண்ணோடு திரும்பிவந்தால் எதிரே உட்கார ஆசை என்றால், பி.இ.யோடு இங்கே கதவில்லை. அமெரிக்க முதுகலை அவனுக்காகவே செய்தது போல இருக்கிறது. அக்காவுக்கு வீண்செலவாகத் தெரிந்த அதே முதல் ஆண்டு தம்பிக்குத் தேவையான அரிச்சுவடி.

அக்கா ஓலத்பூரின் முதுகலை நுழைவுத் தேர்வு எழுதப்போகிறாள். கிடைக்காவிட்டால் நெரிசலான மையம் எதிலாவது இரண்டு ஆண்டு வேலை. தம்பிக்கு அமெரிக்காவுக்கு வேண்டிய முன்தகுதிப் பாடங்களில் உடற்கூறியலும் உளவியலும் பாக்கி. அங்குள்ள கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே, பட்டறையில் எத்தனை மணி நேரம் கூட இருந்து பார்த்தாய் என்றும் கேட்கின்றன. அதனால் சனிக்கிழமைதோறும் எங்கள் பிளாஸ்டர் அறைக்கு வருகிறான். முதல் நாள் வாளியைக் கழுவி, பிளாஸ்டர் தண்ணீரை நேராகச் சாக்கடையில் ஊற்றிவிட்டான். குழாய் அடைத்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை அதை அவனே குத்தி எடுத்தான். அந்த இரண்டு மணி நேரத்தையும் கணக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.