ஹும்போல்ட்டா, மேரி கியூரியா, ஜப்பானா? முனைவர் பட்டத்துக்குப் பிறகு எதற்கு விண்ணப்பிப்பது

அறிவியலிலும் பொறியியலிலும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுத் தேதிக்காகக் காத்திருக்கும் மாணவர்கள், வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகைகளைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது தொகையைத்தான். அது இயல்பு. இங்கே இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயானதே 2023 ஜனவரியில்தான். அந்தப் பணத்தில் வாடகையும் கொடுத்து வீட்டுக்கும் அனுப்பியவர்கள் யூரோக் கணக்கைப் பார்ப்பதில் குற்றமே இல்லை. ஆனால் தொகையை மட்டும் பார்த்து விண்ணப்பித்தவர்களில் பலருக்கு ஓர் ஆண்டு வீணாகப் போனதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஜெர்மனியின் ஹும்போல்ட், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி, ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். (ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகம்) ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். யார் விண்ணப்பிக்கிறார்கள், எதை வைத்து மதிப்பிடுகிறார்கள், போய்ச் சேர்ந்தபின் சட்டப்படி நீங்கள் அங்கே யார் என்ற மூன்று விஷயங்களில் அவை வெவ்வேறு திசைகளில் நிற்கின்றன.

ஹும்போல்ட்: ஆளைப் பார்க்கும் அறக்கட்டளை

பான் நகரிலுள்ள அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் அறக்கட்டளை இன்றைய வடிவில் தொடங்கியது 1953-இல். அதன் முதல் தலைவர் இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பெர்க். 1975 வரை அவரே பொறுப்பில் இருந்தார். திட்டத்துக்கு அல்ல, ஆளுக்கே ஆதரவு என்பது அறக்கட்டளையின் அறிவிக்கப்பட்ட கொள்கை. இன்ன துறைக்கு இத்தனை இடம், இன்ன நாட்டுக்கு இத்தனை இடம் என்ற ஒதுக்கீடு கிடையாது. நேர்காணலும் கிடையாது. கடைசித் தேதியும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், தேர்வுக் குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடி முடிவெடுக்கும்.

முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு 6 முதல் 24 மாதம் வரை கிடைக்கும். பன்னிரண்டு ஆண்டுக்குள் இருக்கும் அனுபவமுள்ள ஆய்வாளர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 6 முதல் 18 மாதம் வரையிலான காலத்தை அவர்கள் மூன்று பயணங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் நிரந்தரப் பணியில் இருந்துகொண்டு நீண்ட விடுப்பு கிடைக்காமல் தவிக்கும் ஆசிரியர்களுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஐரோப்பா என்றாலே மேரி கியூரி என்று நினைத்து, இதை விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பட்டம் கைக்கு வருமுன்பே விண்ணப்பிக்கலாம் என்பது இதன் இன்னொரு பெரிய நன்மை. ஆறு மாதத்துக்குள் முனைவர் பட்டம் முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், ஆய்வேட்டின் கையெழுத்துப் படியையோ அதன் முடிவுகளைக் கொண்ட கட்டுரைகளையோ காட்டி விண்ணப்பிக்க இடமுண்டு. ஆய்வேட்டைக் கொடுத்ததற்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இடையே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் நம் மாணவர்கள் அந்தக் காலத்தைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை.

ஆளைப் பார்க்கிறார்கள் என்பதால் இரண்டு விஷயங்கள் முழு எடையையும் சுமக்கின்றன. ஒன்று, நீங்கள் முதல் ஆசிரியராக இருக்கும் ஆய்வுக் கட்டுரைகள். மற்றொன்று பரிந்துரைக் கடிதங்கள். இந்த இரண்டாவதில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. 'கடின உழைப்பாளி, பணிவானவர், நேரம் தவறாதவர்' என்று நெறியாளர் பாசத்தோடு எழுதும் கடிதம் ஜெர்மனியில் இருக்கும் மதிப்பீட்டாளருக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை. எந்தச் சிக்கலை இந்த மாணவர் தானாகக் கண்டுபிடித்தார், எந்த இடத்தில் நெறியாளர் சொன்னதற்கு மாறாக ஒரு சோதனையைச் செய்து காட்டினார், கட்டுரையின் எந்தப் பகுதி முழுக்க அவருடைய யோசனை என்று எழுதினால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு. நெறியாளரிடம் கடிதம் கேட்கப் போகும்போதே இந்தக் குறிப்புகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். பெரும்பாலான நெறியாளர்கள் மகிழ்ச்சியோடு பயன்படுத்திக்கொள்வார்கள்.

தொகை, முனைவர் பட்டம் முடித்த புதியவர்களுக்கு மாதம் 3,000 யூரோ அளவில். துணைவருக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் தொகை உண்டு. தொடங்குமுன் தீவிர ஜெர்மன் மொழிப் பயிற்சிக்கும் அறக்கட்டளையே செலவழிக்கிறது. இயற்கை அறிவியல், பொறியியல் துறைகளில் உங்களை ஏற்கும் பேராசிரியருக்கு மாதம் 800 யூரோ ஆய்வுச் செலவுக்காகத் தனியாகப் போகிறது. ஊர் திரும்பியபின்னும் உறவு அறுவதில்லை. முன்னாள் ஆய்வாளர்கள் மீண்டும் ஜெர்மனிக்குச் சென்று ஆய்வு செய்ய நிதி கேட்கலாம்.

மேரி கியூரி: எழுத்தைப் பார்க்கும் போட்டி

இங்கே தலைகீழ். மதிப்பீட்டில் தரத்துக்கு 50 விழுக்காடு, விளைவுக்கு 30, செயல்படுத்தும் திட்டத்துக்கு 20 என்று வெளிப்படையாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் கடந்த காலச் சாதனை எதுவானாலும் அது பத்துப் பக்கத் திட்ட அறிக்கையின் வழியாகத்தான் மதிப்பெண்ணாக மாற வேண்டும். அறிக்கையில் ஆய்வு மட்டும் இருந்தால் போதாது. முடிவுகளை யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி எப்படித் திறந்த அணுக்கத்தில் வைப்பீர்கள், தரவுகளை எப்படிப் பாதுகாப்பீர்கள், ஆய்வில் பாலினக் கோணம் பொருந்துமா, பொதுமக்களிடம் எப்படிக் கொண்டுசெல்வீர்கள், எந்த மாதம் எந்தப் பணி முடியும், இடர் வந்தால் மாற்று என்ன என்று எல்லாவற்றுக்கும் வரி வரியாக மதிப்பெண். புத்திசாலித்தனமான ஒரு யோசனையை மட்டும் நம்பி ஆகஸ்டில் எழுதத் தொடங்குபவர் இதில் வெல்வது மிக அரிது. அழைப்பு வழக்கமாக செப்டம்பரில் முடியும். முடிவு பிப்ரவரி வாக்கில் வரும். மார்ச், ஏப்ரலிலேயே ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் விருப்பமுள்ளவர்களைத் தேடி அறிவிப்பு வெளியிட்டு, தேர்ந்தவர்களுக்கு எழுத்துப் பயிற்சியும் நடத்துகின்றன. அப்படி அனுபவமுள்ள நிதி அலுவலகம் இருக்கும் நிறுவனத்தைப் பிடிப்பது பேராசிரியரின் புகழைவிட முக்கியம் என்றே சொல்வேன்.

போட்டியும் கடுமையாகிவிட்டது. 2024 அழைப்புக்கு வந்த விண்ணப்பங்கள் 10,360. அடுத்த ஆண்டே அது 17,058 ஆக உயர்ந்தது. நிதியோ நானூறு மில்லியன் யூரோவை ஒட்டித்தான் நின்றது. முதல் முறை நழுவினால் அடுத்த ஆண்டு திருத்தி அனுப்பலாம் என்று எண்ணுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கியவர், அதே நிறுவனத்துடன் சேர்ந்து அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க முடியாது. அரைகுறையாக எழுதிப் பார்க்கலாமே என்ற எண்ணம் இதனால் விலை மிகுந்தது.

தகுதி விதிகளில் இரண்டைக் கவனியுங்கள். கடைசித் தேதிக்குள் வாய்மொழித் தேர்வு முடிந்து வெற்றி பெற்றிருக்க வேண்டும். பட்டம் பெற்று எட்டு ஆண்டு ஆய்வு அனுபவத்துக்கு மேல் கூடாது. அடுத்து, எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டில் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஏற்கெனவே ஜெர்மனியில் வேறொரு திட்டத்தில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு, அங்கேயே மேரி கியூரியைப் பெறலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இந்த விதி கதவை அடைத்துவிடும். மூன்று ஆண்டு உலகளாவிய பிரிவைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். அது ஐரோப்பியக் குடிமக்களுக்கும் அங்கே நெடுங்காலம் வசிப்பவர்களுக்கும் உரியது.

இத்தனை சொன்னபின்னும் இதை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. இது உதவித்தொகை என்ற பெயரில் வரும் வேலை. பல்கலைக்கழகம் உங்களைப் பணி ஒப்பந்தத்தில் நியமிக்கிறது. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, மகப்பேறு விடுப்பு எல்லாம் அந்த நாட்டு ஊழியருக்கு உள்ளதுபோலவே கிடைக்கும். வாழ்க்கைச் செலவுக்கான மாதத் தொகை 6,000 யூரோவை நெருங்குகிறது. ஆனால் அது முதலாளியின் பங்கும் வரியும் சேர்ந்த மொத்தத் தொகை, நாட்டின் விலைவாசிக்கு ஏற்ப ஒரு காரணியால் பெருக்கவும் படும். கையில் வருவது அதைவிட நன்றாகவே குறைந்திருக்கும். ஹும்போல்ட்டின் 3,000 யூரோவையும் இதையும் எண்ணுக்கு எண் ஒப்பிட்டு இரண்டு மடங்கு என்று மகிழ்வது சரியல்ல. அங்கே வரிப் பிடித்தமில்லை, ஆனால் ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பும் இல்லை. இங்கே பிடித்தம் உண்டு, பிடித்ததற்கு உரிமையும் உண்டு. ஐரோப்பாவிலேயே நிலைத்துவிட நினைப்பவருக்கு ஒப்பந்தம் பெரிய சொத்து. ஜெர்மனியில் புளூ கார்டு என்ற வேலை, வசிப்பு அனுமதி பெறக்கூட வேலை ஒப்பந்தம்தான் வேண்டும். இரண்டு ஆண்டில் ஊர் திரும்புவதென்று முடிவு செய்தவருக்கு அந்தப் பிடித்தங்களால் பயன் குறைவு, ஹும்போல்ட் எளிது.

இன்னொரு வழி அதிகம் பேர் கண்ணில் படுவதில்லை. போர்ச்சுகல், போலந்து, செக், கிரீஸ், ஹங்கேரி போன்ற நாடுகளிலுள்ள நிறுவனத்துடன் விண்ணப்பிப்பவர்கள், அதே விண்ணப்பத்தில் ஒரு விருப்பத்தைத் தேர்ந்தால் ஈரா எனப்படும் தனி நிதிக்கும் போட்டியிடலாம். முதன்மைப் பட்டியலில் நழுவினாலும் இரண்டாவது வாய்ப்பு. நூற்றுக்கு 85-க்கு மேல் வாங்கி நிதி கிடைக்காமல் போனவர்களுக்கு ஒரு தரச் சான்றும் வருகிறது. அதைக் காட்டினால் நிதி தரும் அமைப்புகள் சில நாடுகளில் இருக்கின்றன. பாரிஸ், மியூனிக் என்று மட்டும் யோசிக்காமல் லிஸ்பனையும் பிராகாவையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஜப்பான்: அழைப்பவரைப் பார்க்கும் முறை

ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் வழக்கமான உதவித்தொகைக்கு நீங்கள் நேரே விண்ணப்பிப்பதில்லை. உங்களை ஏற்கும் ஜப்பானியப் பேராசிரியர் தம் பல்கலைக்கழகத்தின் வழியாக விண்ணப்பிக்கிறார். எனவே உண்மையான தேர்வு அதற்குப் பல மாதங்கள் முன்பே, உங்கள் மின்னஞ்சலுக்கு அவர் பதில் எழுதும்போதே நடந்துவிடுகிறது. பட்டம் பெற்று ஆறு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். 12 முதல் 24 மாதம். மாதம் 3,62,000 யென், குடியேறும் செலவுக்கு 2,00,000 யென், விமானப் பயணம், காப்பீடு. அந்த மாதத் தொகை பல ஆண்டுகளாக மாறவில்லை. 2011-இல் ஒரு டாலருக்கு 80 யென்னுக்கும் குறைவு. 2024-இல் 160 யென்னையும் தாண்டியது. ஊருக்கு அனுப்பும் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஜப்பானிலேயே செலவழித்து வாழ்பவருக்கு இன்னும் போதுமான தொகைதான். பொருளறிவியல், மின்கலம், குறைக்கடத்தி போன்ற துறைகளில் அங்குள்ள கருவி வசதிக்காகவே போகலாம் என்பேன். கடன் அடைக்கப் போகிறவர் வேண்டாம்.

அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேருவை இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. 8 முதல் 24 மாதம் வரை தரும் நல்ல திட்டம். ஆனால் அதோடு வரும் ஜே-1 விசாவில், முடிந்தபின் இரண்டு ஆண்டு இந்தியாவில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு ஏற்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். இயற்பியலோ பொறியியலோ படித்து உயிரியலுக்கு மாற விரும்புபவர்கள் உயிர் அறிவியலுக்கு நிதி தரும் பன்னாட்டு அமைப்பான எச்.எஃப்.எஸ்.பி.யின் துறை கடந்த உதவித்தொகையைத் தேடிப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு, இந்தியா அதில் உறுப்பு நாடு.

எந்த வரிசையில்?

முதல் ஆசிரியராக இரண்டு மூன்று நல்ல கட்டுரைகள் கையில் இருந்தால் ஹும்போல்ட்டை முதலில் எழுதுங்கள். அந்த விண்ணப்பத்துக்காகத் தயாரித்த திட்டச் சுருக்கம் மேரி கியூரி அறிக்கைக்கு விதையாகும், எதிர்த்திசையில் அது அவ்வளவு எளிதல்ல. கட்டுரைகள் குறைவு, ஆனால் புதிய யோசனையும் எழுதப் பொறுமையும் உண்டு என்றால் மேரி கியூரிக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். துணைவரோடும் கைக்குழந்தையோடும் போகும் பெண் ஆய்வாளர்களுக்கும் ஒப்பந்தம் உள்ள திட்டத்தையே முதலில் சொல்வேன். மகப்பேற்றுக்காக விட்ட காலத்தை எட்டு ஆண்டுக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளவும் அங்கே விதி இருக்கிறது.

திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்கள் போகும்போதே வயதுக் கணக்கையும் போட்டுவிடுங்கள். இளம் ஆய்வாளர்களுக்கான இந்திய அரசின் இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு உச்ச வயது 32. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 37. இருபத்தெட்டில் பட்டம் பெற்று இரண்டு திட்டங்களை அடுத்தடுத்து முடித்தால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஆய்வாளர்களுக்கான ராமானுஜன் உதவித்தொகைக்கு 40 வயது வரை இடமுண்டு, ஆனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் நீங்கள் வெளிநாட்டில் பணியில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு சென்னைக்கு வந்து நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப் போட்டால் தகுதியே போய்விடும். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவில் உங்களை ஏற்கும் நிறுவனத்தைத் தேடத் தொடங்குங்கள்.