பூட்டிய அறையில் 60 நிமிடங்கள்

எஸ்கேப் ரூம் விளையாட்டை நானும் என் தோழியும் அண்மையில்தான் முதன்முறையாக ஆடிப் பார்த்தோம். 60 நிமிடங்களுக்குள் துப்புகளைத் தேடி, புதிர்களை விடுவித்து வெளியேற வேண்டும். முதல் கால் மணி நேரத்தை இருவரும் ஒரே எண் பூட்டின் மீது குனிந்து நின்றே வீணாக்கினோம். ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து, கண்டதையெல்லாம் உரக்கச் சொல்லத் தொடங்கிய பிறகே, அவள் பார்த்த கடிகாரப் படமும் என் கையிலிருந்த கிழிந்த கடிதமும் ஒன்றோடொன்று பொருந்தி முதல் பெட்டி திறந்தது. அவசரத்துக்குக் கதவைத் திறக்கும் பொத்தானை முன்பே காட்டியிருந்ததால் (எனக்கு மூடிய அறைகள் ஆகாது) அச்சம் தணிந்தது. புதிர்களின் பின்னல் நேர்த்தியானது. ஆனால், பலர் கைபட்டுத் தேய்ந்த ஒரு பூட்டு சரியான எண்ணுக்கும் திறக்க மறுத்ததை மன்னிக்க இயலவில்லை. அதனாலேயே 4 நிமிடங்கள் போயின.