சூரியக் காற்றின் நேரலை வரைபடம்: எந்தக் கோட்டை நம்பலாம்?

பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கி.மீ. தள்ளி, எல்1 என்ற புள்ளியைச் சுற்றிவரும் விண்கலங்கள் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து பாய்ந்துவரும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்தை, இடைவிடாமல் அளக்கின்றன. அந்த அளவீடுகளை அமெரிக்க நோவா அமைப்பின் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் நேரலை வரைபடமாகத் தருகிறது. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். துருவ ஒளிக்காகக் காத்திருப்பவர், சிற்றலை வானொலிக்காரர், இயற்பியல் மாணவர் என யாராக இருந்தாலும் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுதான். ஆனால் அதில் வரும் கோடுகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. காந்தப்புலக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வேகக் கோடு பெரும்பாலும் சரியாக இருக்கும். அடர்த்தியையும் வெப்பநிலையையும் எப்போதும் ஒரு சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

புதிதாக வருபவர்களின் கண் வேகத்தின் மீதே போகிறது. விநாடிக்கு 700 கி.மீ. என்று பார்த்ததும் புவிகாந்தப் புயல் (பூமியின் காந்தப்புலம் கலங்குவது) வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வேகம் மட்டும் போதாது. மேல் கட்டத்தில் இரண்டு கோடுகள் இருக்கும்: சூரியக் காற்று சுமந்துவரும் காந்தப்புலத்தின் மொத்த வலிமை ஒன்று, அதன் வடக்கு-தெற்குக் கூறான பி-இசட் இன்னொன்று. பி-இசட் எதிர்மறையாக, அதாவது தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் காந்தப்புலத்தோடு அது இணைந்து, ஆற்றல் உள்ளே நுழையும். சாதாரண நாளில் மொத்த வலிமை 5 நானோ டெஸ்லா அளவில் இருக்கும். எளிய கணக்கு ஒன்று உண்டு: வேகத்தைத் தெற்குக் கூறால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால், மீட்டருக்கு எத்தனை மில்லிவோல்ட் மின்புலம் என்று கிடைக்கும். 500 கி.மீ. வேகமும் −10 நானோ டெஸ்லாவும் சேர்ந்தால் 5. இந்த அளவு மூன்று மணி நேரம் தொடர்ந்தால் கடுமையான புவிகாந்தப் புயலை எதிர்பார்க்கலாம். பத்து நிமிடம் −15-க்கு இறங்கிவிட்டு மேலே ஏறினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 மே 10, 11 புயலில் பி-இசட் −40-க்கும் கீழே போனது. 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5 (ஐந்து படிகளில் உச்சப் படி) புயல் அது.

பி-இசட் எந்த ஆய அச்சில் தரப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்எம் அச்சு பூமியின் காந்த முனைச் சாய்வைக் கணக்கில் கொள்ளும், ஜிஎஸ்இ கொள்ளாது. மார்ச், செப்டம்பர் சமஇரவு நாட்களையொட்டி இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கணிசமாகும். ஜிஎஸ்இ-யில் பூஜ்யத்தருகே நிற்கும் பி-இசட், ஜிஎஸ்எம்-மில் தெளிவாகத் தெற்கே சாய்ந்திருக்கக்கூடும். புயல் பார்க்க ஜிஎஸ்எம் மட்டும் போதும்.

முன்னெச்சரிக்கை நேரம் எவ்வளவு கிடைக்கும்? 15 லட்சத்தை வேகத்தால் வகுத்தால் விநாடிக் கணக்கு வரும். 400 கி.மீ. வேகத்துக்கு 62 நிமிடம், 800-க்கு 31 நிமிடம். புயல் பெரிதாக இருந்தால் அவகாசம் குறையும், இந்தச் சேவையின் தீராத குறை அது. இன்னொன்று: விண்கலங்கள் சூரியன்-பூமி நேர்கோட்டிலேயே நிற்பதில்லை. நின்றால் சூரியனின் வானொலி இரைச்சல் அவற்றின் சிக்னலை மூழ்கடித்துவிடும். கோட்டிலிருந்து விலகிச் சுற்றுவதால், சாய்வாக வரும் அலைமுகம் கணக்கிட்ட நேரத்துக்குப் பல நிமிடங்கள் முன்னோ பின்னோ வரலாம். ‘6.42-க்கு வந்துவிடும்’ என்று நிமிடம் குறிப்பது வீண். நேரமெல்லாம் உலகப் பொது நேரத்தில் இருப்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கோடுகளின் வடிவத்தைப் படிக்கப் பழகினால் சேவையின் மதிப்பு இரட்டிப்பாகும். வேகம், அடர்த்தி, வெப்பநிலை, புல வலிமை நான்கும் ஒரே நிமிடத்தில் செங்குத்தாக எகிறினால் அது அதிர்வலை. பின்னாலேயே வெப்பநிலை தாழ்ந்து, வலுத்த புலம் பல மணி நேரம் மெதுவாகத் திசை திரும்பினால் சூரிய வெடிப்பில் கிளம்பிய காந்த மேகம் கடக்கிறது. நீண்ட நேரம் தெற்கு நோக்கிய பி-இசட்டை எதிர்பார்க்க வேண்டிய இடம் அதுதான். அடர்த்தி முதலில் குவிந்து, பிறகு அது விழ விழ வேகம் படிப்படியாக ஏறினால் கொரோனா துளையிலிருந்து (சூரியனின் வெளி மண்டலத்தில் காந்தப்புலம் திறந்து கிடக்கும் பகுதி) வரும் வேகக் காற்று. புலத்தின் கிடைத்திசையைக் காட்டும் ஃபை கோணம் சுமார் 180 பாகை தாவினால் புலத்தின் திசைப் பிரிவு (சூரியனை நோக்கியா, விலகியா என்பது) மாறியிருக்கிறது என்று பொருள்.

இனி, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். வேகம் திடீரென 200 கி.மீ. விழுந்து இரண்டு நிமிடத்தில் பழைய இடத்துக்கே வருகிறது, காந்தப்புலத்தில் அசைவே இல்லை என்றால் அது காற்று அல்ல, கருவியின் தடுமாற்றம். புரோட்டான் புயல்களின்போது அதிவேகத் துகள்கள், காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் அளக்கும் பிளாஸ்மா உணரியைத் துளைத்து இரைச்சலைக் கூட்டும். 2003 அக்டோபர் இறுதியில், எல்1-இல் இருக்கும் ஏஸ் விண்கலத்தின் பிளாஸ்மா கருவி வழக்கமான முறையில் அளக்க முடியாமல் திணறியபோதும் காந்தமானி தொடர்ந்து அளந்தது. ஏஸ் 1997 ஆகஸ்ட் 25 அன்று ஏவப்பட்டது. அதன் அடர்த்தி எண்களை இப்போது உத்தேசமாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். 2015-இல் ஏவப்பட்டு மறு ஆண்டு முதன்மைப் பொறுப்பேற்ற டிஸ்கவர் கலம், திசைநிலைக் கோளாறால் 2019 ஜூன் 27 முதல் 2020 மார்ச் வரை முடங்கிக் கிடந்தது. இவற்றின் இடத்தை நிரப்ப எஸ்டபிள்யூஎஃப்ஓ-எல்1 கலம் 2025 செப்டம்பர் 24 அன்று ஏவப்பட்டது. ஆகவே எண்ணைப் படிக்கும் முன் அது எந்தக் கலத்தின் எண் என்று பார்ப்பது அவசியம். கலம் மாறும் இடத்தில் அடர்த்திக் கோடு படிக்கட்டுபோல் தாவினால் பதறத் தேவையில்லை.

தரவைக் கோப்பாக இறக்குபவர்களுக்கு: ஏஸின் உரைக் கோப்பில் விடுபட்ட காந்த அளவு −999.9 என்றும், விடுபட்ட வேகமும் அடர்த்தியும் −9999.9 என்றும் வரும். நீக்காமல் சராசரி எடுத்தால் விடை கேலிக்கூத்தாகும். நிலைக் குறியீடு 0 என்றால் நல்ல பதிவு, 1 முதல் 8 வரை பழுது, 9 என்றால் தரவே இல்லை. 0 மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். இடைவெளிகளை நேர்கோடு போட்டு நிரப்பாதீர்கள். பி-இசட் ஐந்து நிமிடத்தில் குறி மாறிவிடும்.

கடந்த காலத்தை ஆராய இந்தப் பக்கம் சரிப்படாது. அதற்கு நாசாவின் ஓம்னி தொகுப்பு இருக்கிறது. மணிநேரத் தரவு 1963 வரை பின்னோக்கிப் போகும், பல கலங்களின் அளவீடுகள் ஒப்பிட்டுச் சீராக்கப்பட்டிருக்கும். அதில் விடுபட்ட இடங்களில் 9999.99 போன்ற நேர்மறை எண்கள் வரும் என்பதால், எதிர்மறையை மட்டும் வடிகட்டும் நிரல் அங்கே ஏமாந்துவிடும். இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 தரவைப் ‘பிரதான்’ என்ற இஸ்ரோ இணையதளத்தில் பதிவு செய்து பெறலாம். ஆய்வுக்கு ஏற்றது, நேரலை எச்சரிக்கைக்கு அல்ல. ஓம்னியின் ஒரு நிமிடத் தரவு, பூமியின் முன்னுள்ள வில் அதிர்ச்சி முகப்புக்கு (சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதித் தடைபடும் எல்லை) ஏற்கெனவே நேரம் நகர்த்தித் தரப்படுகிறது. அதன்மேல் இன்னொரு முறை பயண நேரத்தைக் கூட்டினால் புயல் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததாகத் தெரியும்.