ஒரு வள்ளம், ஒரு கராஜ் கதவு, எட்டு வருடம்

கதவு வாங்க முதல் வள்ளத்தை அளந்திருக்க வேண்டும். நான் செய்தது தலைகீழ். 2016இல், கனடாவில் ரொறன்ரோவுக்குக் கிட்ட உள்ள அஜாக்ஸில், எங்கள் வீட்டுக் கராஜ் கதவின் அடிப்பாகம் ரோட்டு உப்பில் அரித்து ஓட்டை விழ, கடைக்குப் போய் நிறம் பார்த்து, கண்ணாடி பார்த்து, புதுக்கதவு போட்டேன். 16 அடி அகலம், 7 அடி உயரம், மேலே ஏறி வளைந்து கூரையின் கீழே படுக்கும் வகை, இரண்டு பக்கமும் தகடு, நடுவில் நுரை. வடிவான கதவுதான். அடுத்த வருடம் வள்ளம் வந்தது: பாவித்த 14 அடி அலுமினிய வள்ளம், 9.9 குதிரைவலு மோட்டர், ட்ரெய்லர். (மோட்டர் 10 குதிரைவலுவுக்குக் கீழே என்றால் வள்ளத்துக்கு லைசன்ஸ் இலக்கம் எடுக்கத் தேவையில்லை. ஓட்டுபவரிடம் வள்ளம் ஓட்டும் தகுதி அட்டை இருக்க வேண்டும், அது வேறு கதை.)

பருத்தித்துறையில் என்றால் வள்ளத்தை மணலில் இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். இங்கே பல நகரசபைகள் டிரைவ்வேயில் வள்ளத்தை நீண்ட நாள் விட அனுமதிப்பதில்லை. விட்டாலும் பனி குவிந்து மூடுதுணி கிழியும், மோட்டரைக் கழற்றிக்கொண்டு போகவும் ஆள் இருக்கு. ஆகவே கராஜ்தான்.

14 அடி என்பது வள்ளத்தின் நீளம் மட்டும். ட்ரெய்லரின் முன்தண்டு முனையிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டர் வரை பிடித்தால் பதினெட்டரை அடி. கராஜ் 20 அடி என்று வீட்டு வரைபடத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே, வீட்டுக்குள் ஏறும் மூன்று படிகள் ஒரு பக்கத்தில் மூன்று அடியைத் தின்றிருந்தன. மற்றப் பக்கத்தில் மனைவியின் கார். கடைசியில் முன்தண்டை வெட்டி மடக்குப் பூட்டு ஒன்று போட வேண்டி வந்தது. அதை மடித்தால் இரண்டு அடி மிச்சம். அந்தப் பூட்டை வாங்கும்போது தண்டின் அளவையும் ட்ரெய்லரின் மொத்த எடையையும் பார்த்து வாங்குங்கள். மலிவு பார்க்கிற இடமில்லை அது.

நீளம் தீர்ந்தது என்று நினைத்தபோது உயரம் வந்து நின்றது. எங்கள் டிரைவ்வே ரோட்டிலிருந்து கராஜுக்கு மேல்நோக்கி ஏறும். வள்ளத்தைப் பின்பக்கமாகத் தள்ளும்போது ட்ரெய்லர் இன்னும் சரிவில்தான் நிற்கும், ஆனால் வள்ளத்தின் பின்புறம் ஏற்கனவே வாசலுக்குள். அப்போது முன்புறம் தாழ்ந்து பின்புறம் மேலே தூக்கும். மடக்கி உயர்த்திக் கட்டியிருந்த மோட்டர், திறந்து கிடந்த கதவின் கீழ் விளிம்பில் உரசி, கைபிடியையும் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது. புதுக்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். சமதரையில் நின்று அளந்த உயரத்தை நம்பினால் இதுதான் நடக்கும். இப்போது வாசலுக்கு வந்ததும் காரைக் கழற்றிவிட்டு மோட்டரை நேராக இறக்கிவிடுகிறேன். மேட்டில் பின்புறம் தூக்கி நிற்பதால் அதன் கால் நிலத்தில் தட்டாது. பிறகு மகனும் நானும் தள்ளுவோம்.

கதவை விற்ற கடையில் கேட்டால் வாசலை 8 அடிக்கு உயர்த்திப் புதுக்கதவு போடு என்றார்கள். அதற்கு மேலே உள்ள பீமை மாற்ற வேண்டும், நகரசபை அனுமதி வேண்டும். ஒரு கோடை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். வேறொரு விஷயமாக வந்த தமிழ்ப் பெடியன் ஒருவன், கதவு திருத்துகிறவன், கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, உங்கட சீலிங் 10 அடி. கதவு 7 அடியிலயே வளைஞ்சு உள்ள ஓடுது. மேல மூன்று அடி சும்மா கிடக்கு. கதவு மாத்தத் தேவையில்லை, ட்ராக்கைத் தூக்கினாக் காணும்."

ட்ராக் என்றால் கதவின் சில்லுகள் ஓடும் தண்டவாளம். ஹைலிஃப்ட் ட்ராக் என்பது அதை உயர்த்திப் போடுவதுதான். கதவு சுவரோடு சேர்ந்து நேராக இன்னும் இரண்டு அடி ஏறிய பிறகே வளைகிறது. வாசல் அதே உயரம்தான், பீமும் அதே பீம்தான். ஆனால் வாசலுக்குள் நுழைந்த கணமே தலைக்கு மேல் கதவு இல்லை. முன்பு கூரையின் கீழே 7 அடி தூரத்துக்குக் கதவு படுத்திருந்தது, இப்போது 5 அடிக்குத்தான். அதே கதவுப் பலகைகள். மாற்றியவை ட்ராக், இரு முனையிலும் கம்பி சுற்றும் உருளைகள், அவற்றுக்கு ஏற்ற ஸ்பிரிங், கதவைத் திறந்து மூடும் மின்மோட்டரான ஓப்பனர். இரண்டாயிரம் டொலருக்கு மேலே போனது. முதல் நாளே தெரிந்திருந்தால் அதில் பாதி மிச்சம். கதவு பார்க்கப் போகிறவர்கள் நிறப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று முதலில் அளவுங்கள். சாதாரண ட்ராக்குக்கு ஓரடி போல வேண்டும், ஓப்பனருக்கு இன்னும் சில அங்குலம். அதைவிடக் குறைவென்றால் அதற்கென்று தாழ்வான ட்ராக் இருக்கிறது. என்னைப் போல அதிகமாக இருந்தால், அது வீணாகக் கிடக்கும் இடம்.

ஸ்பிரிங் பற்றி ஒன்று. சாதாரணமாகப் போடுவது பத்தாயிரம் தடவை திறந்து மூடத் தாங்கும். நாளுக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் கிட்ட. கொஞ்சம் கூடக் கொடுத்தால் இருபதாயிரத்துக்கு உள்ளது கிடைக்கும், நான் அதைத்தான் போட்டேன், இன்னும் உடையவில்லை. உடைந்தால் நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள். 80, 90 கிலோ கதவைத் தூக்கும் முறுக்கு அதற்குள் இருக்கிறது, கையை உடைத்துவிடும்.

ஓப்பனர் சுவரில் பொருத்தும் வகை. நடுக்கூரையில் ஓடிய சங்கிலித் தண்டு போய்விட்டது, மேல் அறையில் படுக்கும் மகளுக்குச் சத்தமும் குறைவு. எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். ஆனால் ஒரு பயம் காட்டியது. வாசலின் இரண்டு பக்கமும் இருக்கும் ஒளிக்கண் நிலத்திலிருந்து ஆறு அங்குல உயரத்துக்குள் இருக்கும், குழந்தையோ பூனையோ குறுக்கே வந்தால் கதவு திரும்ப. ட்ரெய்லரின் முன்தண்டோ அதைவிட உயரம். ஒருநாள் தண்டை மடிக்க மறந்து வாசலில் நீட்டியபடி விட்டுவிட்டேன். ஒளி அதன் கீழால் போக, கதவு இறங்கித் தண்டில் இடித்த பிறகுதான் திரும்பியது. இப்போது வள்ளம் முழுதாக உள்ளே போகும்வரை ஒளிக்கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்பு வாளி வைக்கிறேன்.

மிச்சமான கூரையில் இரண்டு பத்தடி பிளாஸ்டிக் கயாக். முதலில் முனைக் கைபிடிகளில் கட்டித் தொங்கவிட்டு, அடுத்த கோடையில் பார்த்தால் நடு தொய்ந்து அடி நெளிந்திருந்தது. வெயிலில் இரண்டு நாள் போட்டதில் ஓரளவு திரும்பியது. இப்போது ஒவ்வொரு முனையிலிருந்தும் கால்பங்கு நீளத்தில் அகலப் பட்டி, பக்கவாட்டில் படுக்கை. கொக்கிகள் மரச்சட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும், வெறும் சீலிங் பலகையில் அல்ல.

நுரைக்கதவின் ஆர் வேல்யூவுக்கு, அதாவது குளிரைத் தடுக்கும் அளவுக்கு, நான் கொடுத்த காசு வள்ளத்துக்குப் பிரயோசனமில்லை. சூடாக்காத கராஜ், வள்ளம் குளிருக்கு அழாது. மேலே படுக்கை அறை இருப்பதால் மட்டும் சரி. இறுக்கமான கதவால் வந்த தொல்லை ஈரம். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் வள்ளத்தை ரோட்டில் கொண்டுபோக முதல் வடிகால் அடைப்பைத் திறந்து தண்ணீரை விட்டு, பாசியைத் துடைக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்கூகொக் ஏரிக்கரையில் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறேன். ஆனாலும் கம்பளமும் உயிர்காப்பு அங்கிகளும் ஈரம்தான். முதல் வருடம் பூஞ்சணம் பிடித்து நாறியது. இப்போது அன்று இரவு மின்விசிறி ஓடும், கதவு நாலு விரல் திறந்திருக்கும். பெற்றோல் தாங்கியை உள்ளே வைப்பதில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனம், நிலத்தோடு பரவும். கராஜுக்குள் சுடுதண்ணீர்க் கொதிகலன் இருப்பவர்கள் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

பனிக்காலத்துக்கு முதல் மோட்டரின் கியர் எண்ணெயை மாற்றிவிடுவேன். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உறைந்தால் கூடு வெடிக்கும். மோட்டர் நேராக நிற்க வேண்டும், உள்ளே உள்ள தண்ணீர் வடிய. பேட்டரி வீட்டுக்குள்.

கதவில் இன்னும் தீராத ஒன்று அடி ரப்பர். மைனஸ் இருபதில் நிலத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். சுவர் ஓப்பனர் இழுவை அளவுக்கு மீறினால் உடனே நின்றுவிடுகிற வகை, ஆகவே காலையில் வேலைக்குப் போக நிற்கும்போது கதவு அரை அங்குலம் அசைந்து நின்று விளக்கை மினுக்கும். சிலிக்கோன் தெளித்தால் ஒரு கிழமை தாங்கும். ரப்பர் வெடிக்கத் தொடங்கிவிட்டது. 16 அடிக்கு ஒரே துண்டாகக் கொண்டுவரச் சொல்லி அதே பெடியனிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி முடிய முதல் வருவதாகச் சொன்னான்.