எம்.இ. ஸ்ட்ரக்சுரல்: ஐந்துக்கு மூன்றரை

கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எம்.இ. ஸ்ட்ரக்சுரல், அதாவது கட்டட அமைப்பு வடிவமைப்பில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு, முடித்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம், ஜூனியர்கள் இன்னும் அங்கே படிக்கிறார்கள். "சேரலாமாக்கா?" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பாடத்துக்குத்தான் பணம் கொடுக்கலாம் என்றால், அது ஸ்ட்ரக்சுரல் டைனமிக்ஸ், கட்டடங்கள் அதிர்வில் எப்படி ஆடும் என்று சொல்லும் பாடம். அதற்கு முன்பு நான் சைட்டில் வேலை பார்த்தவள். தூண் ரிங்கின் (நிற்கிற மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையக் கம்பி) கொக்கியை 135 டிகிரிக்கு வளைக்கச் சொன்னால் கம்பி கட்டுகிற அண்ணன், "90 போதும் மேடம், காலங்காலமா அப்படித்தான்" என்பார். டிராயிங்கில் இருக்கிறது, செய்யுங்கள் என்பதைத் தாண்டி என்னிடம் பதில் கிடையாது. இப்போது இருக்கிறது. நில அதிர்வில் தூண் இப்படியும் அப்படியும் ஆடும்போது வெளிக் கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கிற கான்கிரீட், முதலில் உதிர்ந்துவிடும். 90 டிகிரி கொக்கியைப் பிடித்திருந்தது அந்தக் கவர்தான். அது போனதும் ரிங் பிரியும், உள்ளே இருக்கிற கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க ஆள் இல்லை, மெயின் கம்பி பிதுங்கும். 135-ல் வளைத்தால் கொக்கியின் நுனி உள்ளே, தூணின் நடுக் கான்கிரீட்டில் மாட்டிக்கொள்ளும். நில அதிர்வைத் தாங்கும்படி கம்பி கட்டுவதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 13920-ன் 2016 பதிப்பு அந்த நுனி கம்பி விட்டத்தைப்போல் 6 மடங்கு, குறைந்தது 65 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது. 8 மி.மீ. ரிங்குக்கு 6 மடங்கு 48 தான் வரும், அதனால் 65 வைக்க வேண்டும். 2016-ன் நில அதிர்வு விதியில் கோவை மூன்றாவது நில அதிர்வு மண்டலம், நமக்கு இதெல்லாம் பொருந்தாது என்று ஒதுக்க முடியாது.

லேப் சுமார். கம்பியை இழுத்தும் கான்கிரீட்டை அமுக்கியும் சோதிக்கிற யு.டி.எம். மெஷின் வேலை செய்தது. பீமை அழுத்தி உடைக்கிற லோடிங் ஃபிரேமில் ஜாக் பாதி நாள் எண்ணெய் கசியும். ஆனாலும் பீம் டெஸ்ட் நாள் எனக்குப் பிடிக்கும். பீமுக்கு வெள்ளையடித்து, பென்சிலில் கட்டம் போட்டு, லோடு ஏற ஏற விரிசலின் பின்னாலேயே ஸ்கெட்ச் பேனாவோடு போய், நுனியில் எத்தனை கிலோ நியூட்டன் என்று குறிக்க வேண்டும். புத்தகத்தில் ஷியர் கிராக் என்று சாய்வாக ஒரு கோடு இருக்குமே, அது கண்ணெதிரே சப்போர்ட் பக்கத்திலிருந்து கிளம்பி லோடு பாயின்டை நோக்கி ஏறும்.

சாஃப்ட்வேர் வகுப்பு வேஸ்ட். கட்டட டிசைன் சாஃப்ட்வேரான ஈடேப்ஸில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று காட்டினார்கள். வந்த விடை சரியா என்று கைக்கணக்கில் சரிபார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்கான இன்டர்வியூவில் கேட்டது முழுக்க அதைத்தான்.

அப்புறம் தீசிஸ். நம்ம ஊர் எம்.இ. தீசிஸில் முக்கால்வாசி "பகுதி மாற்று" வகை: சிமென்டுக்குப் பதில் சாம்பல், ஜல்லிக்குப் பதில் கொட்டாங்குச்சி, மணலுக்குப் பதில் கண்ணில் பட்டது. தப்பில்லை. ஆனால் எந்தக் கட்டடத்துக்கு, எதற்காக என்ற கேள்வி எங்கள் பேட்சில் வைவா (வாய்மொழித் தேர்வு) வரைக்கும் எழவே இல்லை. எந்தத் தலைப்பாக இருந்தாலும் நான்காம் செமஸ்டர் ஆரம்பத்திலேயே வார்த்துவிடுங்கள். கான்கிரீட் கியூபை வார்த்து உடைத்துப் பார்க்க 28 நாள் ஆகும், கைடு எவ்வளவு அவசரப்படுத்தினாலும் 28 தான். முதலில் போட்டுப் பார்க்கிற டிரையல் கலவை சரியாக வராவிட்டால் மறுபடியும் 28.

பணம். கேட் (GATE) என்ற அகில இந்தியத் தேர்வின் ஸ்கோரோடு சேர்கிறவர்களுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. நான் மாநில நுழைவுத் தேர்வு வழியாகப் போனதால் எனக்கு அது இல்லை. பி.இ. கடைசி வருடத்திலேயே கேட் எழுதிவிடலாம், ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். 65 கேள்வி, 100 மதிப்பெண்; எண்ணை டைப் செய்கிற வகைக் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

டிசைன் ஆபீஸ் வேலைதான் வேண்டும் என்றால் தாராளமாகச் சேரலாம். சைட்டிலேயே மேலே போக நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வருடத்தைச் சைட்டில் போடுவதே லாபம். சேர்வதற்கு முன் கல்லூரிக்குப் போனால் ஏ.சி. ரூமில் காட்டுகிற பிளேஸ்மென்ட் பட்டியலோடு திரும்பாதீர்கள். லேப் அசிஸ்டென்ட் அண்ணனைப் பிடித்து, கடைசியாக எப்போது பீம் உடைத்தீர்கள் என்று கேளுங்கள்.