ரன்-ஃப்ளாட் டயர் என்று சொல்லி 64,000 ரூபாய் ஏமாற்றிவிட்டான், விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இனிமேல் பொறுமை இல்லை. ஸ்பேர் வீல் இல்லாத கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். போனது 64,000 ரூபாய்.

என்னுடையது 2011 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4. இரண்டே சீட். கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும், அப்புறம் அங்கே ஒரு சின்னப் பைதான் வைக்கலாம். ஸ்பேர் வீலுக்கு இடமே கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் ரன்-ஃப்ளாட் டயர். அதன் பக்கச்சுவரில் ரப்பர் தடிமனாக இருக்கும். காற்று முழுதும் போனாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கும். வேகம் 80-ஐத் தாண்டாமல் 80 கிலோமீட்டர் வரை ஓட்டி ஊர் சேரலாம் என்பது கணக்கு. நம் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்கும், மாட்டுகிற கடைக்காரர்களுக்கும் அதைக் கண்டாலே பிடிக்காது. இருந்தாலும் ராத்திரிப் பயணத்துக்கு அந்தத் தைரியம் பெரியது என்று நம்பி இத்தனை வருஷம் ஓட்டினேன்.

பின்பக்கம் இரண்டும் தேய்ந்துவிட்டன. டயர் அளவு 255/35, 18 அங்குலம். காரைக்குடியில் கேட்டால் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அப்போதுதான் பழையது, புதியது எல்லாம் விற்கிற ஒரு செயலியில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். 'புத்தம் புது ஜோடி, 64,000.' கூப்பிட்டேன்.

ஊர் காரைக்குடி என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, நகரத்தாரா? எந்தக் கோயில்?"

நகரத்தாரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது, ஒரே கோயில் என்றால் பங்காளி முறை. மாத்தூர் என்றேன். "அட, நாங்களும் மாத்தூர்தான்ணே! அப்ப நாம பங்காளியாப் போச்சு" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். மாத்தூரில் உறையூரா, மணலூரா, எந்தப் பிரிவு என்று நான் கேட்டதற்கு, சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று பேச்சை மாற்றினான். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. வாட்ஸாப்பில் டயரின் தேதி எண்ணைப் படம் எடுத்து அனுப்பினான்: 3423. அதாவது 2023-ஆம் வருஷத்தின் 34-ஆவது வாரம். "உள்ள கொஞ்சம் தூள் இருக்கும்ணே, டயர் வார்க்கிற அச்சுல ஒட்டாம இருக்க கம்பெனியில போடறது, பயப்படாதீங்க" என்று அவனே முந்திக்கொண்டு சொன்னான். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் பாருங்கள்! பில் கேட்டேன், "சரக்கோட வரும்ணே" என்றான். 64,000 ரூபாயை மொத்தமாக அனுப்பினேன்.

லாரி பார்சலில் டயர் வந்தது, பில் வரவில்லை. மேலே பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. மாட்டிய கடைக்கார அண்ணன் உள்ளே துணியால் துடைத்துவிட்டு, "என்ன தம்பி, இவ்வளவு தூளா இருக்கே?" என்றார். கம்பெனித் தூள் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். தேதி எண் முழுதாக ஒரு பக்கம்தான் இருக்கும். இந்த டயரில் அது உள்பக்கமாகப் போகிற பக்கம். மாட்டிய பிறகு கண்ணில் படாது.

போன ஞாயிறு ராத்திரி மகளைத் திருச்சியிலிருந்து அழைத்து வந்தேன். திருமயம் தாண்டியதும் டயர் விளக்கு எரிந்தது. "பயப்படாதே ஆத்தா, இது காத்து இல்லாமலே ஓடும்" என்று அவளிடம் சொன்னேன். வேகத்தை 50-க்குக் குறைத்தேன். நாலு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. பின்பக்கம் ஒரே பக்கமாக இறங்கி, ரிம் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. டயரின் பக்கச்சுவர் வட்டமாகக் கிழிந்து கிடந்தது. இருட்டில், லாரிகள் ஒட்டி ஒட்டிப் போகிற ரோட்டோரத்தில் அவளை நிறுத்தி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இழுவை வண்டிக்குக் காத்திருந்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் கடையில் இரண்டையும் கழற்றினோம். கிழியாத டயருக்குள் கையை விட்டுத் தடவினேன். இடித்த மிளகு மாதிரி கறுப்பு ரப்பர் துகள் உள்ளங்கை முழுக்க ஒட்டியது. பக்கச்சுவரின் உள்ளே சுற்றிலும் ஒரு மடிப்பு வரி, பட்டனுக்கு (ரோட்டில் படுகிற வெளிப்பரப்புக்கு) அடியில் பஞ்சர் ஒட்டு. தேதி எண் 0917. யாரோ காற்று இல்லாமல் ஓட்டி, உள்ளே நொறுங்கிப் போய்த் தூக்கிப் போட்ட டயர். அப்படி ஓடியதை மறுபடி போடக்கூடாது. ஆனால் பட்டன் தேய்ந்திருக்காது, அதனால் வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். அதற்குத்தான் 64,000.

கூப்பிட்டேன். முதல் நாள், "காத்து கம்மியா ஓட்டியிருப்பீங்கண்ணே." இரண்டாம் நாள், "ரிம் கோணலா இருந்திருக்கும்." மூன்றாம் நாள் அண்ணே போய் சார் ஆகிவிட்டது: "டயரை உங்க செலவுல அனுப்புங்க சார், டெக்னிக்கல் ஆள் பாத்துட்டுச் சொல்வாரு." தேதி எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அதோடு சரி. செயலிக்காரர்களோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை, தாங்கள் இருவரையும் இணைப்பவர்கள் மட்டுமே என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். நேற்று மகள் காட்டினாள், அதே 3423 படத்தோடு விளம்பரம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனசு ஓடவில்லை. ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் போடாதீர்கள். மாட்டுவதற்கு முன் தேதி எண்ணை நீங்களே டயரில் படியுங்கள், படத்தில் அல்ல. உள்ளே கையை விட்டுத் தடவுங்கள், துகளோ மடிப்போ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் மூன்று நாள் அவன் பேச்சைக் கேட்டுத் தாமதித்துவிட்டேன். நுகர்வோர் உதவிக்கு 1915.

வண்டி இன்னும் டயர் கடைக்குப் பின்னால் ஜாக்கியில் நிற்கிறது. அந்த விளம்பரத்தைப் பார்த்தால் யாரும் வாங்காதீர்கள். 255/35, 18 அங்குலம், ஜோடி, 64,000 ரூபாய்.